அனுப்பியவர் பொறுப்பா, நம்பியவர் பொறுப்பா?

வாசகர் கேள்வி: 12 அக்டோபர் 2025, காலை

கோலார் தங்கவயலில் பிறந்தவன். ஓய்வு பெற்ற பிறகு பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் ஊர்க்காரர்கள் குழுவில் ஒரு செய்தி வந்தது. சுரங்கம் மீண்டும் திறக்கப் போகிறது, பழைய தொழிலாளர்களின் வாரிசுகளுக்கு வேலை, பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய் என்று இருந்தது. அதை நான் எழுதவில்லை. "உறுதிப்படுத்தப்படாத தகவல், வந்ததை அப்படியே அனுப்புகிறேன்" என்று மேலே ஒரு வரி சேர்த்துத்தான் நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன். எதிர்வீட்டுக்காரர் தன் மகனுக்காகப் பணம் கட்டிவிட்டார். செய்தியில் இருந்த கைப்பேசி எண் இப்போது அணைந்து கிடக்கிறது. அவர் என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். இணையத்தில் ஆயிரம் வரும், படிக்கிறவர்தான் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. விவரம் தெரிந்த மனிதர் விசாரிக்காமல் பணம் கட்டினால் நான் எப்படிப் பொறுப்பாவேன்?

12 அக்டோபர், இரவு

அண்ணா, நானும் தங்கவயல்தான். சாம்பியன் ரீஃபில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவள். உங்களுக்குப் பொறுப்பு உண்டு.

எதிர்வீட்டுக்காரருக்கு அந்தச் செய்தியை எழுதியவன் யாரென்று தெரியாது. உங்களைத் தெரியும். மைன்ஸைப் பார்த்தவர், நாலும் தெரிந்தவர், அவரே அனுப்பியிருக்கிறார் என்றுதான் பணத்தை எடுத்திருப்பார்.

பெங்களூரு பீன்யாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் 24 வருடமாக வேலை பார்க்கிறேன். அதில் 15 வருடம் செக்கிங் மேசை. சட்டை என்னிடம் வரும்போது அதை வெட்டியவன் ஒருவன், தைத்தவள் இன்னொருத்தி. காலர் முனை, பொத்தான் துளை, அக்குள் தையல், கீழ் மடிப்பு என்று விரலால் தடவிப் பார்த்து, என் எண் போட்ட சிறிய ஸ்டிக்கரை ஒட்டுவேன். ஒட்டிய பிறகு அந்தப் பீஸ் திரும்பி வந்தால் சூப்பர்வைசர் என்னைத்தான் கூப்பிடுவார். "இதை நான் தைக்கவில்லையே" என்று அங்கே சொல்ல முடியாது. "சந்தேகமான பீஸ், பார்த்துப் போட்டுக்கொள்ளவும்" என்று சீட்டு எழுதி வைத்து அனுப்பவும் முடியாது. சந்தேகம் இருந்தால் அது ஆல்டருக்கு, அதாவது பிரித்துச் சரிசெய்யும் இடத்துக்குப் போக வேண்டும், அட்டைப்பெட்டிக்குள் போகக்கூடாது. நீங்கள் மேலே சேர்த்த வரி அந்தச் சீட்டுத்தான் அண்ணா.

13 அக்டோபர், மதிய உணவு வேளை

முதலில் எழுத வேண்டியதை நேற்று எழுதாமல் விட்டுவிட்டேன். எதிர்வீட்டுக்காரரை உடனே 1930 எண்ணில் புகார் செய்யச் சொல்லுங்கள். சைபர் மோசடிக்கான எண் அது. பணம் போன கணக்கை முடக்க முடியுமா என்று பார்ப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, செய்தியில் எவ்வளவு உண்மை என்று பார்ப்போம். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அந்த வருடம்தான் அப்பாவுக்கு வேலை போய், 19 வயதில் நான் பெங்களூரு ரயில் ஏறினேன். அந்தத் தேதி எனக்கு மறக்காது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்த் தங்கம் எடுக்க ஆகும் செலவு தங்கத்தின் விலையை மிஞ்சிவிட்டது என்பதுதான் மூடியதற்குக் காரணம். மூடிய பிறகு சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பிவிட்டது.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது, அதுவும் உண்மை. ஆனால் அது எதற்கு? நாம் சயனைடு மேடு என்று சொல்கிறோமே, பாறையை அரைத்துத் தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண், அந்த 13 மேடுகளில் மிச்சம் இருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு. 1,003 ஏக்கர் மேடுகள். காற்றடிக்கும் மாதங்களில் கூரையிலும் குடத்திலும் வந்து படியும் அந்தச் சாம்பல் நிற மண்ணைத்தான் மீண்டும் அள்ளப் போகிறார்கள். கீழே இறங்கும் கூண்டு மறுபடி ஓடப்போவதாக அதில் இல்லை. வாரிசு வேலையும் 1,500 ரூபாயும் யாரோ ஒட்டவைத்தவை.

உண்மையான ஒரு நுனியைப் பிடித்து அதில் பொய்யைக் கட்டியதால்தான் எல்லோரும் நம்பினார்கள். 24 வருடமாக நம் ஊரில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் "மைன்ஸ் திறக்குமாம்" என்ற பேச்சு இருக்கிறது. என் அப்பா சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஏக்கத்தைத் தெரிந்தவன்தான் இதை எழுதியிருக்க வேண்டும், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

13 அக்டோபர், இரவு

திருத்தம். "1,003 ஏக்கர் மேடுகள்" என்று மதியம் எழுதியதைப் படித்த ஒருவர், ஒவ்வொரு மேடும் 1,003 ஏக்கரா என்று கேட்டிருக்கிறார். இல்லை. 13 மேடுகளும் சேர்த்துத்தான் அவ்வளவு. அவசரத்தில் எழுதிய வாக்கியம், குற்றம் என்னுடையது.

15 அக்டோபர்

"சாதாரண மனிதர் இதையெல்லாம் எப்படிச் சரிபார்க்க முடியும், நமக்கு எங்கே நேரம்" என்று இங்கே இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் என் தோழி ஒரு சுற்றறிக்கையின் படத்தை அனுப்பினாள். கன்னடத்தில் அச்சிட்ட கடிதம், கீழே முத்திரை. கூடவே தமிழில் நான்கு வரி: இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் கைரேகை பதியாவிட்டால் ரேஷன் அட்டை ரத்து. அவள் தெருப் பெண்கள் பத்துப் பேர் அரை நாள் கூலியை விட்டுவிட்டு ரேஷன் கடை வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். கடைக்காரர் விரட்டியிருக்கிறார்.

எனக்குக் கன்னடம் நன்றாகப் பேச வரும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கன்னட எண்கள் பஸ்ஸிலும் சுவர்களிலும் எத்தனை வருடம் பார்த்தும் குழப்பும். பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு மேல் மூலைக்குப் போனாள். "ஆன்ட்டி, இது 2021ஆம் வருடத்துக் கடிதம்" என்றாள். மாதமும் தேதியும் தமிழ் வரிகளில் இருந்தன, வருடம் மட்டும் இல்லை. யாரோ வேண்டுமென்றே விட்டார்களா, படிக்கத் தெரியாமல் விட்டார்களா, எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை அவள் அதைக் கண்டுபிடிக்க.

அதிலிருந்து நான் எதையும் முதலில் தேதிக்காகப் பார்க்கிறேன். அடுத்து, யார் கையெழுத்து, எந்த அலுவலகம். படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டால் அது முன்பு எங்கே வந்தது என்று பெரும்பாலும் காட்டிவிடும். அதிலும் பிடிபடாவிட்டால் கேட்க ஆள் வேண்டும். பெங்களூரில் வாழும் நமக்கு இது இன்னும் முக்கியம். அரசாங்கத் தாள் எல்லாம் கன்னடத்தில் வருகிறது, அதை நாம் யாரோ எழுதிய தமிழ்ச் சுருக்கத்தில் படித்துக்கொண்டிருக்கிறோம். கன்னடம் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

19 அக்டோபர், தீபாவளிக்கு முந்தைய இரவு

அண்ணாவிடம் முதல் நாள் அவ்வளவு கடுமையாக எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் இருப்பது சரியல்ல. ஒரு வாரமாக மனதில் உறுத்துகிறது.

2022இல் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு காணொளி போட்டேன். இந்துப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றாது, சாதா உப்புதான் விஷம், இந்துப்பு எவ்வளவு சேர்த்தாலும் உடம்புக்கு நல்லது என்று வெள்ளை அங்கி போட்ட ஒருவர் பேசுவார். எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். முழுவதும்கூடப் பார்க்கவில்லை. ரயிலில் நின்றுகொண்டே அனுப்பிவிட்டேன்.

தங்கவயல் மாரிக்குப்பத்தில் இருக்கும் என் அத்தைக்கு 12 வருடமாக இரத்த அழுத்தம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி, பாவம், உப்பில்லாத குழம்பும் ஊறுகாய் இல்லாத தட்டுமாக இருந்தவள். காணொளியைப் பார்த்துவிட்டு இந்துப்புக்கு மாறியிருக்கிறாள். நல்லதுதானே என்று மோருக்கு, கஞ்சிக்கு, வெள்ளரிக்காய்க்கு என்று தாராளமாகப் போட்டிருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து நான் போனபோது அவள் கால் வீங்கியிருந்தது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, மேலே வரவே நேரம் எடுத்தது. மருத்துவமனையில் அழுத்தம் பார்த்தபோது 180க்கு 110. டாக்டர் சாப்பாட்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்துப்பு என்றதும், "அம்மா, அதுவும் உப்புதான்" என்றார். அதிலும் ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடுதான். மண்ணிலிருந்து வெட்டி எடுப்பதால் கொஞ்சம் வேறு தாதுக்கள் சேர்ந்து நிறம் மாறியிருக்கிறது. அழுத்தத்துக்கு அதனால் எந்த வேறுபாடும் கிடையாது. போதாததற்கு, கடையில் வாங்கும் சாதா உப்பில் சேர்க்கிற அயோடினும் அதில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. எந்த உப்பாக இருந்தாலும் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு சிறிய தேக்கரண்டிக்கும் குறைவு.

டாக்டர் அத்தையிடம், "இதை யார் சொன்னது?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அத்தை என்னைக் காட்டிக் கொடுக்காமல், "படித்த பிள்ளைகள் சொன்னார்கள் சார், தப்பாகவா இருக்கும்" என்றாள்.

நான் பத்தாம் வகுப்பு. அத்தை பள்ளிக்கூடத்துக்கே போகாதவள். அவள் கண்ணுக்கு நான் படித்தவள். அந்தக் காணொளியில் பேசியவரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. அண்ணா, உங்களுக்கு எழுதிய முதல் குறிப்பு அந்த மருத்துவமனை வராந்தாவிலிருந்து வந்தது.

20 அக்டோபர்

உப்பு பற்றிப் படித்த ஒருவர், சோடியம் குறைத்த உப்பு கடையில் கிடைக்கிறது, அதை அத்தைக்கு வாங்கிக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. டாக்டரிடம் கேட்காமல் யாரும் மாற்ற வேண்டாம். அவர் குறிப்பையும் என் குறிப்பையும் சேர்த்தே படியுங்கள்.

22 அக்டோபர்

ஒயிட்ஃபீல்டிலிருந்து எழுதிய தம்பிக்கு. தனி மனிதர்மேல் சுமையை ஏற்றுவது பெரிய நிறுவனங்கள் தப்பிப்பதற்கு வழி, அரசாங்கமும் வாட்ஸ்அப்பும்தான் இதைத் தடுக்க வேண்டும் என்கிறீர்கள். ஒரு நாள் முழுக்க இதை யோசித்தேன். நிறுவனங்களுக்குப் பொறுப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. நடந்ததைப் பாருங்கள்.

2012 ஆகஸ்டில் இதே பெங்களூரிலிருந்து வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டுப் போனார்கள். தாக்கப் போகிறார்கள் என்ற வதந்திதான் காரணம். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விட்டார்கள். எங்கள் லைனில் தைத்துக்கொண்டிருந்த அசாம் பெண்கள் மூன்று பேர் சம்பளம்கூட வாங்காமல் போய்விட்டார்கள், அவர்களுடைய மெஷின்கள் ஒரு வாரம் துணி போட்டு மூடிக் கிடந்தன. அப்போது மத்திய அரசு மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதை ஐந்தோடு நிறுத்தி, 15 நாட்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ரயில்கள் கிளம்பிய பிறகுதான் அது வந்தது.

2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தி. மே மாதம் பெங்களூரு காட்டன்பேட்டைப் பக்கம் ராஜஸ்தானிலிருந்து வந்த 26 வயது இளைஞரைக் கட்டி இழுத்து அடித்தே கொன்றார்கள். அதே மாதம் தமிழ்நாட்டில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயது அம்மா, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடிபட்டு இறந்தார். அந்த நாட்களில் சுற்றிய ஒரு காணொளியில் மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு அட்டையைப் பிடித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு மீதியை அனுப்பினார்கள். அதற்குப் பிறகு, ஜூலையில், வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாமல் செய்தது. 2020இல், பல முறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று இறுக்கியது. நல்ல காரியம். ஆனால் ஒவ்வொன்றும் உயிர் போன பிறகு வந்தது.

அரசாங்கமே எது பொய் என்று முடிவு செய்யட்டும் என்கிறீர்களே, மத்திய அரசின் செயல்களைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று அரசின் பிரிவே அறிவிக்கும் விதியை 2023இல் கொண்டுவந்தார்கள். 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தன்னைப் பற்றிய வழக்கில் தானே நீதிபதியாக இருப்பது எனக்கும் சம்மதமில்லை.

ஆகவே தம்பி, அவர்கள் வேலையை அவர்கள் செய்யும்படி கேட்போம், சேர்ந்தே கேட்போம். ஆனால் என் அத்தைக்குச் செய்தி அனுப்பிய விரல் என்னுடையது.

23 அக்டோபர்

2016இல் பெங்களூரில் நடந்த காவிரிக் கலவரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் அப்போது பெங்களூரு லக்கரேயில் இருந்தேன். செப்டம்பர் 12, திங்கட்கிழமை. காவிரி. மதியமே தொழிற்சாலையை மூடி அனுப்பிவிட்டார்கள், நடந்துதான் வீட்டுக்கு வந்தேன். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் ஒரு பணிமனையில் வரிசையாக எரிந்தது உண்மை. அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு உள்ளங்கை குளிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஓசூரிலிருந்து என் தம்பி பேசினான். அங்கே ஒரு குரல் பதிவு சுற்றியிருக்கிறது: "லக்கரேயில் வீடு வீடாகத் தமிழர்களைத் தேடுகிறார்கள், பெண்களை இழுக்கிறார்கள்." அவனுடைய நண்பர்கள் கர்நாடகப் பதிவெண் லாரிகளை மறிக்கக் கிளம்பி நிற்கிறார்கள். அவன் என்னிடம் கேட்டது இதுதான்: "அக்கா, நீ கேள்விப்பட்டதைச் சொல்லாதே. எழுந்து போய் உன் தெருவைப் பார்த்துவிட்டுச் சொல்."

பயந்துகொண்டே கதவைத் திறந்தேன். தெருவில் கடைகள் சாத்தியிருந்தன. எதிர்வீட்டுத் திண்ணையில் கன்னட அஜ்ஜி முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போகும்படி கையைக் காட்டினாள். யாராவது வந்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்றாள். வேறு ஒருவரும் இல்லை. அதைத்தான் தம்பியிடம் சொன்னேன். அவன் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு நண்பர்களைக் கேட்கச் செய்தான். அவர்கள் கலைந்து போனார்கள்.

பக்கத்திலேயே ஹெக்கனஹள்ளியில் கலவரம் நடந்தது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். அதுவும் உண்மை. உண்மையும் பொய்யும் ஒரே நாளில், ஒரே கைப்பேசியில், ஒரே பயத்தோடு வந்தன.

இதை எழுதும்போதுதான், அண்ணாவுக்கு நான் கொடுத்த பதில் பாதிதான் என்று தெரிகிறது. கேட்பவருக்கும் கடமை இருக்கிறது. என் தம்பி அதைச் செய்தான். எதிர்வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், அண்ணா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் தம்பிக்குக் கேட்பதற்கு அந்தத் தெருவில் ஒரு அக்கா இருந்தாள். எதிர்வீட்டுக்காரருக்கு அந்த இடத்தில் இருந்தது நீங்கள்தான்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் வடக்கே பரவியபோது, எனக்கு முதலில் பீகாரில் இருக்கும் தாய்மார்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். கேட்பதற்கு அவர்களுக்குத் திருப்பூரில் யார் இருந்தார்கள்?

27 அக்டோபர்

ஒரு வாரமாக "எதையும் நம்பாதே என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது" என்கிற மாதிரி பதில்கள் வருகின்றன. எனக்கு அது ஆபத்தாகப் படுகிறது. போன மாதம் நடந்தது: பராமரிப்புக்காகக் காவிரித் தண்ணீர் ஏற்றுவதை நிறுத்தப் போகிறார்கள், பிடித்து வையுங்கள் என்று கட்டடத்துக் குழுவில் செய்தி வந்தது. இதெல்லாம் வதந்தி என்று நானே பதில் போட்டேன். தேடிப் பார்க்கவில்லை, இத்தனை பொய்யைப் பார்த்த பழக்கத்தில் எழுதிவிட்டேன். அது உண்மையாக இருந்தது. மேல் மாடியில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண் என் வார்த்தையைக் கேட்டு ஒரு குடம்கூடப் பிடித்து வைக்கவில்லை. கீழ்த்தளத்திலிருந்து நான்தான் இரண்டு நாள் அவளுக்குத் தண்ணீர் சுமந்தேன்.

பொய் என்று சொல்வதும் ஒரு செய்திதான், அதற்கும் என் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. முதல் குறிப்பில் சந்தேகம் இருந்தால் ஆல்டருக்கு என்று எழுதினேன். ஆல்டருக்குப் போன பீஸை யாராவது பிரித்துப் பார்த்தாக வேண்டும். நல்ல சட்டையைக் கழிவில் போட்டாலும் எங்கள் இடத்தில் கணக்குக் கேட்பார்கள்.

2 நவம்பர்

கேள்வி கேட்ட அண்ணா எனக்குத் தனியாக எழுதினார். இங்கே சொல்ல அனுமதி கொடுத்திருக்கிறார். நான்கு குழுக்களிலும் போய், "சுரங்க வேலை பற்றி நான் அனுப்பியது பொய். அதனால் ஒருவர் பணம் இழந்திருக்கிறார். வேறு யாராவது கட்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்" என்று எழுதினார். ஒரு குழுவில் அவரை நீக்கிவிட்டார்கள். ஒன்றில் யாருமே பதில் போடவில்லை. மற்ற இரண்டிலிருந்து இன்னும் ஆறு பேர் வந்திருக்கிறார்கள். ஒரு மாதமாக வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தவர்கள். அதில் ஒருவர் அடகு வைத்துக் கட்டியவர்.

புகார் பதிவாகிவிட்டது. பணம் திரும்பி வருமா என்று தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவருடைய மகன் வந்து, "மாமா, அமைச்சரவை ஒப்புதல் என்று சொன்னீர்களே, அதில் உண்மையில் என்னதான் இருக்கிறது, நானே படிக்கிறேன்" என்று கேட்டிருக்கிறான்.

கழிவு மண் திட்டம் பற்றிய 2024 ஜூன் அமைச்சரவை முடிவின் கன்னட வாசகம் யாரிடமாவது முழுமையாக இருந்தால் அனுப்புங்கள். படம் எடுத்து அனுப்ப வேண்டாம், தேதியும் துறையின் பெயரும் தெரிகிற மூலத் தாளாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பார்க்க மாரிக்குப்பம் போகிறேன், பையனும் அதே ரயிலில் வருகிறான். பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பெண்ணையும் அவளுடைய அம்மாவிடம் கேட்டு அழைத்துப் போகிறேன். வழியில் உட்கார்ந்து படிப்போம்.